எதற்காகச் சேர்த்தேன்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைக் காட்டை ஒட்டிய தமிழ்ப்பள்ளி எங்களுடையது. 2020 மார்ச் 18-இல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் ஆசிரியர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இணைப்புகள் கொட்ட ஆரம்பித்தன. காணொலி, பயிற்சித்தாள், புதிர் என்று எது வந்தாலும், இணைப்புகளைப் பிறகு பார்க்கச் சேமிக்கும் பாக்கெட் செயலியில் போட்டுவைத்தேன். போட்டதோடு சரி. பள்ளி திறந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

2025 ஜூலை 8-இல் பாக்கெட் மூடப்பட்டது. முன்பே அறிவித்திருந்ததால் சேமிப்பைப் பட்டியலாக இறக்கிக்கொண்டேன். அறுநூறுக்கும் மேல். தலைப்பு, முகவரி, சேர்த்த நேரம் எல்லாம் இருந்தன. எதற்காகச் சேர்த்தேன் என்பதுதான் இல்லை. குறிச்சொல் போடும் வசதி இருந்தும் நான் போட்டதில்லை. என் சோம்பலுக்கு யாரைக் குறை சொல்ல?

ஒரு பள்ளி விடுமுறை முழுக்க உட்கார்ந்து, நூற்றுப் பத்தை மட்டும் பொறுக்கி, இணைப்புகளைத் தொகுத்து வைக்கும் வேக்லெட் தளத்துக்கு மாற்றினேன். முதலில் கலைத்திட்டத்தில் உள்ள கற்றல் தர எண்படிதான் அடுக்கினேன்: செய்யுள், மொழியணிக்கு 4, இலக்கணத்துக்கு 5. பாடத்திட்டம் எழுத அது வசதி. ஆனால் காலை ஏழரைக்கு, வராத ஆசிரியரின் வகுப்புக்கு ஓடுகிறவர் எண்ணையா தேடுவார்? அப்புறம் 'எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கு', 'இணையம் இல்லாத நாளுக்கு' என்று பெயர்களை மாற்றினேன். இணையம் இல்லாத நாளுக்கான தொகுப்பைத் திறக்கவே இணையம் வேண்டுமே என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். நியாயம்தான். அதை அச்சடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.

வேக்லெட்டில் இணைப்போடு குறிப்பும் எழுதலாம். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. 'பதினொரு நிமிடக் காணொலி. நான்காவது நிமிடத்தில் நிறுத்தவும். அதற்குமேல் பிள்ளைகள் வாசலைப் பார்க்கிறார்கள்.' 'கதை நல்லது, ஆனால் தமிழ்நாட்டு ரேஷன் கடை வருகிறது; முதலில் விளக்கவும்.' 'உள்ளங்கை நெல்லிக்கனி போல' உவமைத்தொடருக்கு ஓர் அழகான படம் கிடைத்தது. அதன் கீழே, 'பாதிப் பேர் நெல்லிக்காயைத் தொட்டதே இல்லை. முதல் நாளே பசாரில் வாங்கிவைக்கவும்' என்று எழுதினேன். இந்த வரிகளை எழுதத்தான் விடுமுறையில் பாதி போனது. வகுப்பில் நடத்திப் பார்க்காத எதற்கும் என்னால் குறிப்பு எழுத முடியவில்லை, அவற்றை நீக்கிவிட்டேன்.

இந்த ஆண்டு மாற்றலாகி வந்த இளம் ஆசிரியைக்கும் அதில் எழுத அனுமதி கொடுத்தேன். போன வாரம் என் நெல்லிக்காய்க் குறிப்புக்குக் கீழே அவர் சேர்த்திருந்தார்: 'பசாரில் கிடைக்கவில்லை டீச்சர். லீமாவ் கஸ்தூரி (குட்டி எலுமிச்சை) வைத்துச் சமாளித்தேன். புரிந்துகொண்டார்கள்.'