அப்பாவை உட்கார வைக்காதீர்கள்

காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி பிரிவுக்கு, இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்து வரும் பிள்ளைகள் நிறைய. வீட்டில் ஒரு துரும்பைக்கூட எடுக்க விடுவதில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். இந்த உட்கார வைக்கும் அன்புதான் எனக்குக் கவலை.

இதயம் எவ்வளவு தாங்கும் என்பது உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. அதற்குத்தான் டிரெட்மில். புரூஸ் என்ற பரிசோதனை முறையில் மணிக்கு 2.7 கிலோமீட்டர், 10 சதவீத ஏற்றத்தில் ஆரம்பித்து 3 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் கூட்டுவோம். எத்தனை நிமிடம் நடந்தார் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். என் கண் பிரஷர் மேல்தான். நடக்க நடக்க மேல் அளவு ஏற வேண்டும். இறங்கினால், வலியே இல்லையென்றாலும் நிறுத்திவிடுவோம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி தெரியாமலே போகலாம்.

ஆச்சி ஒருவர் பேரன் கட்டிவிட்ட வாட்ச்சோடு வந்தார். "220-ல வயசைக் கழிச்சா 150 வரணுமாம். எனக்கு 100-ஐத் தாண்டலையே தம்பி?"

"ஆச்சி, நீங்க சாப்பிடுற மெட்டோபுரோலால் மாத்திரை துடிப்பை ஏற விடாது. பேசிக்கிட்டே நடக்க முடியுதான்னு மட்டும் பாருங்க."

வீட்டிலேயே நடந்தார். முகப்பிலிருந்து, நடுமுற்றம் உள்ள வளவைத் தாண்டி அடுப்படி வரை, வழவழப்பான ஆத்தங்குடிக் கல்லில். முதலில் கொஞ்ச தூரத்திலேயே நெஞ்சு இறுக்கியது. டாக்டரிடம் சொல்லி, இறுக்கம் வரும் அளவுக்குக் கீழேயே நடக்க வைத்தோம். சில வாரங்களில் அதே தூரம் சாதாரணமாகிவிட்டது. அடைப்பு கரைந்துவிடவில்லை. துடிப்பும் பிரஷரும் சேர்ந்து ஓர் அளவைத் தொடும்போதுதான் வலி வருகிறது. பழகிய உடம்பு அந்த அளவைத் தாமதமாகத் தொடுகிறது. இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு இது அதிசயம்தான்.

தை நெருங்கினால் அடுத்த கேள்வி: குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கலாமா? முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சமதளத்தில் நிதானமாக நடப்பது பலருக்குப் பெரிய பாரமில்லை. நாள் கணக்கில் நடப்பது, தூக்கமின்மை, வெயில், வழியெல்லாம் கிடைக்கும் அன்னதானம் எல்லாம் சேரும்போதுதான் ஆபத்து. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே நடந்தால் வலி சீக்கிரம் வரும். சரி, போக அனுமதி கிடைத்தால் சார்பிட்ரேட் மாத்திரை சட்டைப்பையில் இருக்கட்டும். நெஞ்சு இறுக்கினால் உட்கார்ந்து நாக்கின் அடியில் வையுங்கள். 5 நிமிடத்தில் அடங்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். மலை ஏற விஞ்ச் இருக்கிறது, அதில் போங்கள்.