கட்டி சுருங்கும் வேகம்: அக்காவின் கதிர்வீச்சு சிகிச்சையில் நாங்கள் அறிந்தவை

அக்காவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று உறுதியானபோது, கட்டி கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் பரவியிருந்தது. இடுப்புச் சுவரை எட்டவில்லை. மருத்துவர்கள் இதை 2பி நிலை என்கிறார்கள். இந்த நிலையில் பெரும்பாலும் அறுவை சிகிச்சை செய்வதில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை நாள்தோறும் வெளிக்கதிர்வீச்சு, வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து, பிறகு பிராக்கிதெரபி எனப்படும், உடலுக்குள் கருவி வைத்துத் தரும் உள்கதிர்வீச்சு என்பதே சிகிச்சையின் ஒழுங்கு. தென்னாப்பிரிக்காவில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வொர்த்திலிருந்து டர்பன் நகரத்து மருத்துவமனைக்கு நானே அக்காவை அழைத்துச் சென்றுவந்தேன். சிகிச்சை நடக்கும்போதே கட்டி எப்படிச் சுருங்குகிறது என்று பார்ப்பதையும், அதிலிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். காத்திருப்பு அறையில் நான் பேசிப் பழகிய பெண்கள் எல்லோருக்கும் இருந்த கேள்வி இது ஒன்றுதான்.

தொடக்க எம்ஆர்ஐயில் அக்காவின் கட்டி ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்டிருந்தது. வெளிக்கதிர்வீச்சு 45 கிரே (உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு) அளவை நெருங்கியபோது மறுபடியும் எம்ஆர்ஐ எடுத்தார்கள்; 4 சென்டிமீட்டர் என்று அறிக்கை வந்தது. வீட்டில் அம்மா கலங்கிவிட்டார். இவ்வளவு கஷ்டப்பட்டும் மூன்றில் ஒரு பங்குதானா குறைந்தது என்று கேட்டார். மருத்துவர் அந்தக் கணக்கைத் திருத்தினார். கட்டியை உருண்டையாக வைத்துக்கொண்டால், குறுக்களவு 6லிருந்து 4 ஆகும்போது கன அளவு ஏறக்குறைய 30 விழுக்காடாகிவிடும். அதாவது 70 விழுக்காடு போய்விட்டது. குறுக்களவு பாதியானால் எஞ்சுவது எட்டில் ஒரு பங்குதான். அறிக்கையில் சென்டிமீட்டரை மட்டும் பார்த்து மனம் உடைந்துபோகும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கை யாராவது முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஆனாலும் அந்த 30 விழுக்காடு முழு நிம்மதி தரவில்லை. அமெரிக்காவில் 80 பெண்களுக்குச் சிகிச்சைக்கு முன்பும், 20 முதல் 25 கிரே அளவிலும், 45 முதல் 50 கிரே அளவிலும், முடிந்து ஓரிரு மாதங்களிலும் என நான்கு முறை எம்ஆர்ஐ எடுத்து ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். சிகிச்சையின் நடுவே கட்டி எவ்வளவு எஞ்சுகிறது என்பது, அது பின்னால் திரும்ப வருமா என்பதை முன்கூட்டிக் காட்டும் நல்ல குறியீடு என்று அவர்கள் கண்டார்கள். தொடக்கக் கன அளவில் 20 விழுக்காட்டுக்குக் கீழே குறைந்திருந்தவர்களுக்கு நோய் கட்டுப்படும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அக்கா அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தார்.

இதை நான் நேரடியாகவே கேட்டேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கட்டி சுருங்குவதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன: கதிர் உயிரணுக்களைச் செயலிழக்கச் செய்வது ஒன்று, செத்த உயிரணுக்களை உடல் அப்புறப்படுத்துவது மற்றொன்று. இரண்டாவது வேலையின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். எனவே எம்ஆர்ஐயில் தெரியும் மிச்சத்தில் உயிருள்ளது எவ்வளவு, அகற்றப்படாமல் கிடப்பது எவ்வளவு என்று ஒரே படத்தைக் கொண்டு பிரித்துவிட முடியாது. அதே ஆராய்ச்சிக் குழு இந்த இரண்டையும் தனித்தனியே கணக்கிட ஒரு கணித மாதிரியையும் உருவாக்கியிருக்கிறது. நூறு பேரைப் பற்றிச் சொல்லக்கூடிய எண், ஒருவரைப் பற்றி அவ்வளவு தெளிவாகச் சொல்லிவிடாது என்பதை அப்போதுதான் நான் புரிந்துகொண்டேன்.

அந்த எம்ஆர்ஐயால் உடனடியாக விளைந்த நன்மை வேறு. எஞ்சிய கட்டி இடப் பக்கத்துத் திசுவில் சற்று நீண்டிருந்தது. வழக்கமான பிராக்கிதெரபிக் கருவியை மட்டும் வைத்தால் அந்த ஓரத்துக்குப் போதிய கதிர் சேராது என்று கண்டு, கருவியோடு சில மெல்லிய ஊசிகளையும் அந்தப் பக்கம் சேர்த்துத் திட்டமிட்டார்கள். சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் கதிர் மிகாமல், எஞ்சிய கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரைக் கூட்டிக் குறைத்து வைக்கும் முறை இது. இந்த வழியில் 2008 முதல் பல நாடுகளில் சிகிச்சை பெற்ற 1,341 பெண்களை ஆராய்ந்தபோது, ஐந்தாண்டு முடிவில் 92 விழுக்காட்டினருக்குக் கட்டி அந்த இடத்தில் திரும்பவில்லை என்று 2021இல் வெளியான முடிவு கூறுகிறது. கோட்டுக்கு மேலே இருந்த அக்காவுக்கு இந்த எண் பெரிய ஆறுதலாக இருந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாரந்தோறும் ரத்தம் பார்த்தார்கள்; ஹீமோகுளோபின் குறைந்தபோது ரத்தம் ஏற்றினார்கள். ஆக்சிஜன் குறைந்த திசுவில் கதிரின் வேலை மட்டுப்படும் என்பதும், சிகிச்சைக் காலத்தில் ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பலன் குறைவாக இருப்பதும் பல ஆய்வுகளில் தெரிந்தவை. அதைவிட முக்கியமாக மருத்துவர் வலியுறுத்தியது காலக்கெடுவை: வெளிக்கதிர், உள்கதிர் இரண்டும் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். நாள் நீண்டால் தப்பிய உயிரணுக்கள் மறுபடி பெருகத் தொடங்கிவிடும்.

எங்களுக்கு இடையில் ஈஸ்டர் வந்தது. புனித வெள்ளியும் அடுத்த திங்களும் தென்னாப்பிரிக்காவில் விடுமுறை. அந்த வாரத்தில்தான் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவும். அக்கா ஆண்டுதோறும் விரதமிருந்து அங்கே போகிறவர். விடுமுறையில் விட்டுப்போன கதிரை ஈடுசெய்ய, ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை வைத்தார்கள். விரதம் மட்டும் வேண்டாம், உடம்பில் சத்து குறையக் கூடாது என்றார் மருத்துவர். “ஆத்தா அடுத்த வருஷம் வரைக்கும் பொறுத்துக்குவா, நீ சாப்பிடு” என்று அம்மா சொன்ன பிறகே அக்கா ஒப்புக்கொண்டார்.

முடிவு தெரிய மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் ஸ்கேன் எடுத்தால் கதிரால் ஏற்பட்ட அழற்சி நோய்போலத் தெரிந்து குழப்பும் என்பதே காரணம். நோயுள்ள இடத்தை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேனை மூன்றாம் மாதத்தில் எடுப்பதற்கு இருக்கும் மதிப்பையும் மருத்துவர் சொன்னார். 2007இல் வெளியான ஆய்வில் 92 பெண்களுக்கு அவ்வாறு ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, எங்கும் நோய் ஒளிராதவர்களில் 78 விழுக்காட்டினர் மூன்றாண்டு வரை நோய் முற்றாமல் இருந்தார்கள். ஓரளவு ஒளிர்ந்தவர்களில் அது 33 விழுக்காடே. அக்காவின் ஸ்கேனில் எங்கும் ஒளிரவில்லை. நடுவில் 30 விழுக்காடாகக் கிடந்தது, நான்கு சென்டிமீட்டர் என்று எங்களை அச்சுறுத்தியது, இப்போது தென்படவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் கையால் சோதித்துப் பார்க்கிறார். முதல் இரண்டாண்டுகள் இப்படியே தொடரும் என்று சொல்லியிருக்கிறார்கள், ஏனெனில் திரும்ப வருவது பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள்தான்.