கையுறை கொடுத்து அனுப்பினாள்

பழைய அமெரிக்கக் கதை ஒன்றை மொழிபெயர்க்கும்போது, 'அவள் அவனுக்குக் கையுறை கொடுத்தாள்' என்று ஒரு வரி வந்தது. பரிசுதான் என்று நினைத்து அப்படியே எழுதிவிட்டேன். நாலு பக்கம் தள்ளி, மனமுடைந்து அவன் ஊரைவிட்டே போகிறான். அப்போதுதான் உறைத்தது. 'கிவ் தி மிட்டன்' என்றால் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சில், காதலைச் சொல்லி வந்தவனை மறுத்து அனுப்புவது. கேட்டது கையை, கிடைத்தது வெறும் உறை என்று எனக்குத் தோன்றுகிறது. வரியை அடித்துவிட்டு 'கையை விரித்துவிட்டாள்' என்று எழுதினேன். நம் மொழியிலும் மறுப்பு கையில்தான் இருக்கிறது என்பதில் அத்தனை சந்தோஷம்!

ஒருவரைக் கண்டுகொள்ளாமல் ஒதுக்குவதைச் சொல்லும் 'கோல்ட் ஷோல்டர்' (குளிர்ந்த தோள்) என்ற ஆங்கிலத் தொடர், ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் 1816 நாவலிலேயே இருக்கிறது. வேண்டாத விருந்தாளிக்கு ஆறிய தோள் இறைச்சி வைத்ததிலிருந்து வந்தது என்ற கதையெல்லாம் பிறகு கட்டியது.

என்னை உலுக்கியது, ஒருவரைச் சேர்க்க மறுப்பதைச் சொல்லும் 'பிளாக்பால்' (கறுப்புப் பந்து). பழைய லண்டன் கிளப்புகளில், உறுப்பினராகச் சேர விரும்புகிறவருக்காகப் பெட்டிக்குள் கைவிட்டுப் பந்து போடுவார்கள். வெள்ளை சம்மதம், கறுப்பு மறுப்பு. சில கிளப்புகளில் ஒரே ஒரு கறுப்புப் பந்து போதும். போட்டது யார் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.