அரிக்கேன் விளக்கும் என் இரண்டாவது கேமராவும்

நான் மூன்று கேமரா வைத்து வீடியோ எடுத்த மேடை நாடகம் அது. ஐந்தாவது காட்சியில் பாட்டி அரிக்கேன் விளக்கோடு தனியாக வருவாள். விளக்குக்குள் சின்ன பேட்டரி பல்பு, மேலிருந்து டிம்மரில் இறக்கிய ஒரே ஒரு ஸ்பாட், அவ்வளவுதான் வெளிச்சம். ஒத்திகையிலேயே எனக்குப் புல்லரித்தது. வீட்டில் வந்து ஃபுட்டேஜைப் போட்டால், அதே காட்சி ரேஷன் கடை மாதிரி இருக்கிறது. பின்திரையின் சுருக்கம், ஓரத்தில் மடக்கி வைத்த நாற்காலி, அடுத்த காட்சிக்காக முன்கூட்டியே வந்து குந்தியிருந்த பையன், எல்லாம் பளிச்சென்று தெரிகிறது.

ஆட்டோ ஐஎஸ்ஓ, அதாவது இருட்டானால் கேமரா தானாகவே படத்தை வெளிச்சமாக்கிக்கொள்ளும் வசதி. இரண்டாவது கேமராவில் அதை அணைக்க மறந்திருக்கிறேன். மற்ற இரண்டும் ஐஎஸ்ஓ 3200-ல் சமத்தாக நிற்க, இது மட்டும் இருட்டைக் கண்டு பதறி 25600 வரை ஏறி, திரை முழுக்க ரவை கொட்டின மாதிரி புள்ளி.

நான் கல்யாண வீடியோக்காரன். பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கம் முகூர்த்த நாளில் எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மண்டபத்தில் வெளிச்சம் பற்றவில்லை என்றால் பையனைக் கூப்பிட்டு இன்னொரு லைட் பிடிக்கச் சொல்வேன். நாடகத்தில் அது நடக்காது. என் கேமராவின் பின்திரை வெளிச்சமே பின்வரிசைக்காரரை உறுத்துகிறது என்று கறுப்புத் துணி போட்டு மூடிக்கொண்டேன்.

ஷட்டர் மூன்றிலும் 1/50, 25 ஃபிரேம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பொதுவாக இதில் லைட் துடிப்பு படத்தில் பட்டையாக விழாது. ஆனால் மலிவான எல்இடி பார் லைட்டை டிம் செய்தால் எந்த ஷட்டரிலும் கோடு ஓடலாம், அதனால் ஒத்திகையிலேயே ஒவ்வொரு லைட்டையும் இறக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸ் 3200 கெல்வினில் பூட்டு. பழைய ஹாலஜன் ஸ்பாட்டை டிம்மரில் இறக்க இறக்க இன்னும் சிவக்கும். ஆட்டோவில் விட்டால் கேமரா அதைத் ‘திருத்தி’, பாட்டியின் முகத்தைச் சாம்பலாக்கிவிடும். இதையெல்லாம் யோசித்தவன்தான் ஐஎஸ்ஓவை மறந்தவனும்.

ஃபோகஸ் கையால்தான். மேடை முழுக்க இருட்டாகும் பிளாக்அவுட்டில் ஆட்டோ ஃபோகஸ் எதையாவது தேடிக்கொண்டு முன்னும் பின்னும் அலையும், வெளிச்சம் வந்த பிறகும் இரண்டு விநாடி அலையும். தம்பி வைத்திருந்த பழைய கேமரா 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும் ரகம், அதனால் அவன் வேலையே பிளாக்அவுட்டுக்குள் நிறுத்தி மறுபடி ஓடவிடுவதுதான். ஒலி மிக்சரிலிருந்து தனி ரெக்கார்டருக்கு. கேமராவில் பதிந்த சத்தத்தை அதோடு பொருத்தி மூன்றையும் சேர்த்தேன்.

லைட் போட்டவரிடம் ஐந்தாவது காட்சியைக் காட்டினேன். மறைத்தால் பின்னால் தெரிந்துதான் போகும். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “அண்ணா, நான் கஷ்டப்பட்டு இருட்டு வெச்சேன். நீங்க வெள்ளையடிச்சிட்டீங்க” என்றார்.

நல்ல வேளை, மறுநாள் இன்னொரு ஷோ இருந்தது. ஐஎஸ்ஓவைப் பூட்டி அந்த ஒரு காட்சியை மட்டும் மறுபடி எடுத்தேன். விளக்குக் கண்ணாடி வெள்ளையாக வெடிக்காமல் இருக்கும்படி எக்ஸ்போஷர். பாட்டியின் ஒரு கன்னம், மூக்கு நுனி, விளக்கைப் பிடித்த விரல்கள், இவ்வளவுதான் தெரியும். மற்றதெல்லாம் கறுப்பு. புடவை வேறு நிறம் என்பதை அந்த இருட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

லைட்காரர் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். பாட்டியாக நடித்த அக்காவின் மகனுக்கு லிங்க் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில்: “சூப்பர் அண்ணா. ஆனா அந்த விளக்கு சீன்ல அம்மா மூஞ்சியே தெரியல. கொஞ்சம் பிரைட் பண்ணித் தர முடியுமா?”