ஏழு கோட்டில் ஒரு தேர்

ஓரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் வேலை எனக்கு. டிராயிங், பெட்டி லேபிள், ஆய்வறிக்கை எதைப் புரட்டினாலும் 'வண்டி' என்று பொருள்படும் 車 என்ற சீன எழுத்து வந்து நிற்கும். மேலும் கீழும் படுக்கைக்கோடு, நடுவில் குறுக்கே கோடு போட்ட பெட்டி, எல்லாவற்றையும் துளைத்து இறங்கும் நெட்டுக்கோடு. மொத்தம் ஏழு. மேலே நின்று பார்த்த போர்த்தேர் அது: நெட்டுக்கோடு அச்சு, இருபுறமும் சக்கரம், பெட்டிதான் தேர்த்தட்டு. 3,000 ஆண்டு பழைய சித்திரம். சீனா 1956 எழுத்துச் சீர்திருத்தத்தில் அதை நான்கு கோடாக்கியது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை, தேர்த்தட்டே போய்விட்டது.

ஜப்பானில் தனியாக நின்றால் 'குருமா'. பரோட்டா தின்று வளர்ந்தவருக்கு இது மறக்குமா? கூட்டுச்சொல்லில் 'ஷா'. சேசிஸ் நம்பருக்கு 'ஷாதாய் பாங்கோ' என்பார்கள். ஒரு மீட்டிங்கில் கொரிய இன்ஜினியர் தன் மொழியில் 'ச்சாதே பொன்ஹோ' என்றார். நான் வாய் திறக்குமுன் ஜப்பானியர் தலையாட்டிவிட்டார்! கொரியர்கள் இன்று தங்கள் சொந்த எழுத்தான ஹங்குலில்தான் எழுதுகிறார்கள். ஆனாலும் அந்தத் தேர் ஒலிக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

எல்லா இடத்திலும் இப்படிக் கைகொடுக்காது. 'நீராவி'யும் 'வண்டி'யும் சேர்ந்தால் ஜப்பானில் நீராவி ரயில், கொரியாவில் ரயில், சீனாவில் மோட்டார் கார். சீனாவில் ரயிலுக்கு 'நெருப்பு வண்டி'. அதே இரண்டு எழுத்து ஜப்பானியக் கதைகளில் பாவிகளின் பிணத்தைத் தூக்கிப்போகும் பேய்.

நம் ஊருக்கும் இது வந்து சேர்ந்தது. 1870 வாக்கில் ஜப்பானில் ஓடத் தொடங்கிய 'ஜின்ரிகிஷா', அதாவது மனித பலத்தில் ஓடும் வண்டி, சுருங்கி ரிக்‌ஷா ஆனது. தமிழ்நாட்டில் கைரிக்‌ஷா 1973-இல் ஒழிந்தது. ஆட்டோரிக்‌ஷாவில் அந்த 'ஷா' இன்னும் இருக்கிறது.

சதுரங்கத்தில் நாம் யானை என்றோ கோட்டை என்றோ சொல்லும் மூலைக்காய், சீனப் பலகையில் இன்றும் தேர்தான். இதே எழுத்து, ஆனால் அங்கே 'ஜூ' என்று வாசிப்பார்கள்.

சென்னையில் கொரியன் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: தேர்வில் கேட்காவிட்டாலும் கொஞ்சம் ஹாஞ்சா, அதாவது கொரிய மொழியில் வழங்கும் சீன எழுத்துகள், படியுங்கள். சைக்கிளுக்கு 'ஜாஜொன்கொ' என்று மனப்பாடம் செய்கிறீர்களே, அந்தக் கடைசிக் 'கொ'வும் இதே எழுத்துதான். சீனச் சதுரங்கத்தின் 'ஜூ'வும் இந்தக் 'கொ'வும் ஒரே பழைய உச்சரிப்பில் கிளைத்தவை.