ஜிபிஎச்சி பதிவுத் தேர்வு: கவுன்டர் கேள்விகளுக்கு நான் படித்த விதம்

பிரிட்டனில் மருந்தாளராகப் பதிவு செய்ய ஜிபிஎச்சி (மருந்தாளர்களைப் பதிவு செய்யும் கவுன்சில்) நடத்தும் தேர்வை ஜூனில் எழுதினேன், முடிவு வந்துவிட்டது. பாஸ். அம்மாவிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் மூச்சு சீரானது. நவம்பரில் எழுதப்போகிறவர்கள் சிலர் கேட்டதால், எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

முதல் தாள் கணக்கைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் போட்டுப் பாருங்கள், அவ்வளவுதான். என் அக்கறையெல்லாம் இரண்டாம் தாள்மேல்தான். அதிலும், ஒருவர் கடைக்கு வந்து தொண்டைவலி, நெஞ்செரிச்சல், கண் சிவப்பு என்று சொல்கிறார், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கும் வகை. தேர்வில் வந்த கேள்விகளை வெளியே சொல்ல அனுமதியில்லை. அதனால் இங்கே வரும் உதாரணங்கள் பாடத்திலும் கடையிலும் இருந்து எடுத்தவை.

நான் பிடித்துக்கொண்ட வழி ஒன்றுதான். கீழே உள்ள ஐந்து விடைகளைப் பார்ப்பதற்கு முன்பே, இவரை எங்கே, எவ்வளவு சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்துவிடுவேன். கடையிலேயே தீர்க்கலாமா, ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) சாதாரண அப்பாயின்ட்மென்ட் போதுமா, இன்றைக்கே பார்க்க வேண்டுமா, ஆம்புலன்ஸுக்கு 999-ஆ? அதை முடிவு செய்த பிறகுதான் விடைகளுக்குள் போவேன். விடைகளை முதலில் படித்தால் தெரிந்த மருந்தின் பெயர் கண்ணில் பட்டுவிடும், மனம் அங்கேயே நின்றுவிடும். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது.

தொண்டைவலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபீவர்பெயின் ஸ்கோர் (தொண்டைவலிக்கு ஆன்டிபயாடிக் தேவையா என்று அறிகுறிகளை எண்ணிப் பார்க்கும் முறை) எல்லோருக்கும் மனப்பாடம். காய்ச்சல் இல்லை, இருமலும் சளியும் இருக்கிறது, ஸ்கோர் 1 என்றால் வலி மாத்திரை, தண்ணீர், ஓய்வு. சரி. ஆனால் கடைசி வரியில் அந்தப் பெண் தைராய்டுக்குக் கார்பிமசோல் எடுக்கிறார் என்று இருந்தால்? அப்போது ஸ்கோருக்கே வேலையில்லை. கார்பிமசோல் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடலாம், அதன் முதல் அறிகுறியே தொண்டைவலியாக இருக்கலாம். இன்றைக்கே ரத்தப் பரிசோதனை நடக்க வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட், க்ளோசபின் எடுப்பவர்களுக்கும் இதே கவனம். அதனால் நான் கேள்வியில் மருந்துப் பட்டியலை முதலில் படிப்பேன், பிறகு வயது, பிறகு எத்தனை நாளாக என்பது. நோயின் அறிகுறிகள் கடைசியில்தான்.

படிக்கும்போது என் சுவரில் ஒட்டியிருந்த குறிப்புகளில் சில:

- மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தை, காய்ச்சல் 38 டிகிரி அல்லது மேல்: பாராசிட்டமால் டோஸ் கணக்குப் போட உட்காராதீர்கள், உடனே மருத்துவரிடம்.
- வாய்ப்புண் மூன்று வாரமாக ஆறவில்லை: ஜெல் விற்காமல் ரெஃபர் (மருத்துவரிடம் அனுப்புவது).
- கண் சிவப்போடு வலி, வெளிச்சக் கூச்சம், மங்கல் பார்வை, அல்லது கான்டாக்ட் லென்ஸ்: குளோராம்ஃபெனிகால் சொட்டு இல்லை, அன்றைக்கே ரெஃபர்.
- அக்கி மூக்கு நுனியில்: கண்ணுக்கு ஆபத்து, இன்றைக்கே.
- 50 வயதுக்கு மேல் புதிய தலைவலி, தலை சீவும்போது நோவு, மெல்லும்போது தாடை வலி: பார்வையே போகலாம், இன்றைக்கே.
- கண்ணாடி டம்ளரால் அழுத்தியும் மறையாத தடிப்பு, கூடவே காய்ச்சல்: 999.
- சின்னம்மை வந்த குழந்தைக்கு ஐபுப்ரோஃபன் வேண்டாம். இது ரெஃபரல் இல்லை, ஆனாலும் மறக்காதீர்கள்.

பயிற்சி ஆண்டில் என்னை இருத்திய கடை, பெரும்பாலான நாட்களில் பின்னால் மருந்துப் பெட்டி அடுக்கவே வைத்திருந்தது. அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு. சனிக்கிழமைகளிலாவது கவுன்டரில் நிற்க விடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். அங்கே நான் கற்றதற்கு எந்தக் கேள்வி வங்கியும் ஈடாகாது. ஒருநாள் நம்மூர் ஐயா ஒருவர் வந்தார். “நெஞ்சு எரியுது பிள்ளை, கேவிஸ்கான் ஒண்டு தாங்கோ.” நான் பாட்டிலை எடுக்கத் திரும்பினேன். என் சூப்பர்வைசரும் நம்மவர்தான், அவர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். “எப்ப ஐயா எரியுது, சாப்பிட்ட பிறகோ?” “இல்லை, ஏத்தத்தில நடக்கேக்க. கொஞ்சம் நிண்டா போயிடும்.” கேவிஸ்கான் அலமாரியிலேயே இருந்தது. நடந்தால் வருவது, நின்றால் போவது வயிற்றுக் கோளாறு அல்ல, இதயத்தைப் பார்க்க வேண்டும். அவரை உட்கார வைத்து, ஜிபிக்கு போன் செய்து அன்றைக்கே இடம் வாங்கினார்கள். நின்ற பிறகும் வலி போகாவிட்டால் 999 என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்கள். “எப்போது வருகிறது, எதனால் நிற்கிறது” என்ற கேள்வியை அதற்குப் பிறகு நான் விட்டதே இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பயந்த சுபாவம் உள்ளவர்கள் (நானும் அந்த ரகம்தான்) எல்லாரையும் ஜிபியிடம் அனுப்பினால் பாதுகாப்பு என்று நினைப்போம். தேர்வில் அது தப்பான விடை. பேன், கீரிப்பூச்சி, உதட்டுப் புண், சாதாரண சளி எல்லாம் நம் வேலை. கீரிப்பூச்சிக்கு மெபண்டசோல் இரண்டு வயதிலிருந்து கொடுக்கலாம், வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில். கர்ப்பிணியும் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையும் வீட்டில் இருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் ஃபார்மசி ஃபர்ஸ்ட் நடக்கிறது, ஜிபியிடம் போகாமல் மருந்துக் கடையிலேயே சிகிச்சை தரும் திட்டம், ஏழு உபாதைகள். வயது வரம்புகளைப் பிழையில்லாமல் படியுங்கள். சிறுநீர்த் தொற்று 16 முதல் 64 வரை பெண்களுக்கு மட்டும், காதுத் தொற்று 1 முதல் 17, சைனஸ் 12-லிருந்து, அக்கி 18-லிருந்து, தொண்டைவலி 5-லிருந்து. இம்பெடிகோ என்ற தோல் தொற்றும் பூச்சிக்கடித் தொற்றும் ஒரு வயதிலிருந்து. சிறுநீர் எரிச்சலோடு வரும் பெண் கர்ப்பிணி என்றாலோ, காய்ச்சலும் விலாவுக்குப் பின்னால் வலியும் இருந்தாலோ, நைட்ரோஃபுரன்டாயின் என்ற ஆன்டிபயாடிக்கை மூன்று நாள் கொடுத்து அனுப்பும் கேஸ் அல்ல.

ஃப்ளாஷ் கார்டு எனக்கு ஒத்துவரவில்லை, உங்களுக்கு வரலாம். என்னைப் போல மெதுவாகப் படிப்பவர் என்றால், கடையில் விற்கும் ஒவ்வொரு பி மருந்தின் (மருந்துச் சீட்டில்லாமல் மருந்தாளர் மேற்பார்வையில் விற்பது) பெட்டியையும் கையில் எடுத்து, யாருக்கு விற்கக் கூடாது என்று பின்பக்கம் இருப்பதைப் படியுங்கள். ஃப்ளூகோனசோல் 16 முதல் 60 வயது வரை, ஹைட்ரோகார்டிசோன் முகத்துக்கு இல்லை, பத்து வயதுக்குக் கீழ் இல்லை. நவம்பருக்கு நேரம் இருக்கிறது, ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு பெட்டி போதும்.