மாடி வீட்டுப் பிரார்த்தனைக் கூட்டம்: எங்கள் புகார் தீர்ந்த விதம்

மாடி வீட்டில் நடந்த கூட்டம் எந்த மதத்தினுடையது என்று இதில் எழுதப் போவதில்லை. நாங்கள் எந்த மதம் என்பதையும் எழுதவில்லை. எழுதினால் படிப்பவர் முதல் பத்தியிலேயே ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார். அதன் பிறகு நான் சொல்ல வருவது எதுவும் காதில் ஏறாது. இதே சிக்கலில் இப்போது இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் கூட்டம் நடத்துபவராக இருந்தாலும் சரி, அந்தச் சத்தத்தில் தூங்க முடியாமல் படுத்திருப்பவராக இருந்தாலும் சரி.

எங்களுக்கு நேர் மேலே குடிவந்த குடும்பம் வாரம் ஒருமுறை மாலையில் தங்கள் கூடத்தில் பிரார்த்தனை வைத்தது. முதலில் ஏழெட்டுப் பேர்தான் வருவார்கள். பாட்டு லேசாகக் கேட்கும், கேட்க நன்றாகவும் இருக்கும். போகப் போகக் கூட்டம் பெருகியது. ஒலிபெருக்கிப் பெட்டி வந்தது, தாளத்துக்குக் கருவி வந்தது, முடியும் நேரமும் தள்ளிக்கொண்டே போனது. அந்தக் கூடத்துக்கு நேர் கீழே இருப்பது அப்பாவின் படுக்கையறை. பெரிய அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்தவர் அவர். வேறு அறைக்கு மாற்றலாமென்றால், கழிவறை ஒட்டியிருந்த அறை அது ஒன்றுதான்.

யாரிடமும் பேசுவதற்கு முன்னால் ஒரு நோட்டில் எழுதி வைக்கத் தொடங்கினேன். தேதி, எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, என்ன மாதிரியான சத்தம், எந்த அறையில் கேட்டது, அதனால் என்ன ஆனது. இவ்வளவுதான். கோபத்தை மட்டும் அதில் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். சில வாரம் எழுதியதும் ஒன்று தெளிவானது. ‘கூட்டத்தால் தொந்தரவு’ என்று வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தது உண்மையில் மூன்று தனித்தனி விஷயங்கள். தாளத்தின் தும் தும் என்ற அதிர்வு ஒன்று. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளைத் தரையில் இழுப்பது இன்னொன்று. வந்தவர்கள் வண்டிகளைப் படிக்கட்டு வாசலை மறித்து நிறுத்துவது மூன்றாவது. பிரார்த்தனையோ பேச்சோ அந்த நோட்டில் ஏறக்குறைய இல்லவே இல்லை. கருவியில்லாமல் வெறும் குரலில் பாடிய நாட்களில் அப்பா நன்றாகத் தூங்கியிருக்கிறார்.

நான் யாருக்காவது ஒரே ஒரு யோசனை சொல்லலாம் என்றால் இந்த நோட்டைத்தான் சொல்வேன். நம் புகார் இன்னதென்று நமக்கே தெரியாமல் வெளியே கொண்டுபோனால், அதற்கு வேறு யாராவது பெயர் வைத்துவிடுவார்கள். எங்கள் விஷயத்தில் அது கிட்டத்தட்ட நடந்தேவிட்டது.

முதலில் நேரில் போய்ப் பேசினேன். கூட்டம் நடக்கும்போது போகவில்லை. வந்தவர்கள் முன்னால் கேட்டால் அது அவமானப்படுத்துவது போல் ஆகும், பதிலும் அதற்கேற்றாற்போல்தான் வரும். கூட்டமில்லாத ஒரு நாள் காலையில் போனேன். அந்த வீட்டு அக்கா கதவைத் திறந்து, நான் அப்பா பெயரை எடுத்ததுமே, “நிறுத்தச் சொல்ல வந்தீங்களா, தம்பி?” என்றார். முன்பு குடியிருந்த இடத்தில் இதே கூட்டத்துக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயத்தோடுதான் அவர் கதவையே திறந்தார். “நிறுத்த வேண்டாம்க்கா, அந்தத் தாளம் மட்டும்” என்று நான் சொன்னது அவருக்குக் கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை. சத்தத்தைக் குறைக்கிறோம் என்றார்கள். இரண்டு வாரம் குறைந்தது, அப்புறம் பழையபடி ஏறியது.

சரி, அடுத்து எழுத்தில் கொடுப்போம் என்று குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று விஷயத்தையும் குறிப்பிட்டு, நோட்டின் நகலையும் இணைத்தேன். விஷயம் கைமீறப் பார்த்தது அங்கேதான்.

சங்கக் கூட்டத்துக்கு அடுத்த கட்டடத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களில் பலருக்கு அந்தச் சத்தம் கேட்கவே கேட்காது. ஆனால் என் கடிதத்தைவிட நீளமான மனு ஒன்று அவர்கள் கையில் தயாராக இருந்தது. ‘அனுமதியில்லாத வழிபாட்டுத் தலத்தை உடனே மூட வேண்டும்’ என்பது அதன் தலைப்பு. முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டுமாம், பாதிக்கப்பட்டவன் நான்தானே. அதில் தாளம் இல்லை, நாற்காலி இல்லை, என் அப்பா இல்லை. வருகிறவர்கள் யார், எந்த ஊர், என்ன உடை போடுகிறார்கள் என்பதெல்லாம் இருந்தது. கையெழுத்துப் போட மறுத்தேன். “உங்களுக்காகத்தானே பேசுறோம் சார்” என்று சங்கத் தலைவர் வருத்தப்பட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்த மனு போயிருந்தால் மாடி வீட்டார் ஒன்று காலி செய்துகொண்டு போயிருப்பார்கள், இல்லையென்றால் வம்புக்கென்றே பெட்டியை இன்னும் சத்தமாக வைத்திருப்பார்கள். இரண்டிலும் எனக்குச் சம்மதமில்லை. அக்கம்பக்கத்துச் சத்தப் பிரச்சினையில் அடுத்தவர் நம்பிக்கையின் மேல் இருக்கும் வெறுப்பு வந்து குடியேற விடக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அந்த மனுவால் ஒரு நன்மை நடந்தது. வீட்டில் கூடிப் பிரார்த்தனை செய்ய உண்மையில் அனுமதி வேண்டுமா என்று உட்கார்ந்து படித்தேன். ஐநா பொதுச் சபை 1948இல் ஏற்ற உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவு, ஒருவர் தன் மதத்தைத் தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ, பொதுவிலோ தனிப்பட்ட இடத்திலோ கடைப்பிடிக்கலாம் என்கிறது. 1966இல் ஏற்கப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்த குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையும் அதே எண்ணுள்ள பிரிவில் அதையே சொல்கிறது. கட்டுப்பாடு போடலாம், ஆனால் அது சட்டத்தில் இருக்க வேண்டும். பொதுப் பாதுகாப்பு, ஒழுங்கு, உடல்நலம், ஒழுக்கம், பிறரின் அடிப்படை உரிமைகள் ஆகியவற்றைக் காப்பதற்குத் தேவையான அளவில்தான் அது இருக்கலாம். ஆக, நாலு பேர் வீட்டில் சேர்ந்து கும்பிடுவது அவர்களுடைய உரிமை. எங்கள் பக்கமும் வெறும் கையோடு இல்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2004இல் ஸ்பெயினின் வலென்சியா நகரத்து வழக்கு ஒன்றில், இரவு விடுதிகளின் சத்தத்தைக் கட்டுப்படுத்த அதிகாரிகள் தவறியது அங்கே குடியிருந்தவரின் வீட்டு வாழ்க்கைக்கான உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு எல்லா நாட்டையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ‘சத்தம்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்பவருக்கு அது ஒரு பதில்.

உள்ளாட்சி அலுவலகத்திலும் விசாரித்தேன். புகார் கொடுக்கப் போகவில்லை, தெரிந்துகொள்ளத்தான் போனேன். கட்டடப் பிரிவில் இருந்தவர் பொறுமையாக விளக்கினார். குடும்பம் வாழும் வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை தெரிந்தவர்கள் கூடுவது வேறு. பெயர்ப்பலகை மாட்டி, சுவரை இடித்துக் கூடமாக்கி, யார் வேண்டுமானாலும் தினமும் வந்து போகிற இடமாக மாற்றுவது வேறு. இரண்டாவது வகையில்தான் கட்டடத்தின் பயன்பாடு மாறியதா என்ற கேள்வி வரும் என்றார். எல்லைக்கோடு ஊருக்கு ஊர் மாறும், ஆகவே உங்கள் ஊரில் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் கேட்டதற்கு, சத்தம் நடக்கும்போது கூப்பிட்டால் வந்து நிறுத்தச் சொல்வோம் என்றார்கள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனால் அதையும் செய்திருப்பேன். ஆனால் பிரார்த்தனைக்கு நடுவே சீருடையோடு ஆள் வந்து நின்ற பிறகு, மறுநாள் அந்த அக்காவோடு படிக்கட்டில் எப்படிப் பேசுவது?

அதற்குப் பதிலாகச் சமரச மையம் ஒன்றை அணுகினோம். நாங்கள் ஒரு பக்கமாகப் போகாமல், மாடி வீட்டாரிடம் சொல்லிவிட்டே விண்ணப்பித்தோம். மையத்திலிருந்து வந்த அம்மா இரண்டு தரப்பையும் முதலில் தனித்தனியாகக் கேட்டார். பிறகு எல்லோரையும் வைத்துச் சொன்ன முதல் நிபந்தனையே பாதி வேலையை முடித்துவிட்டது: “கூட்டம் நடக்கலாமா வேண்டாமா என்பதை நாம் இங்கே பேசப் போவதில்லை. எப்படி நடக்க வேண்டும் என்பதை மட்டும் பேசுவோம்.” மாடி வீட்டு அண்ணன் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், கையைப் பிரித்தார்.

என் கைபேசியில் சத்தத்தை டெசிபல் என்ற அலகில் அளக்கும் செயலி இருந்தது. அதில் எடுத்த எண்களைக் காட்டினேன். அந்த அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அது சரிதான். தரச்சோதனை செய்யாத கைபேசி ஒலிவாங்கியின் எண்ணை யாரும் ஆதாரமாக ஏற்க மாட்டார்கள். அதோடு, வழக்கமான டெசிபல் அளவு தாழ்ந்த சுருதியை, அதாவது தும் தும் என்ற கனத்த ஒலியை, குறைத்துத்தான் கணக்கிடும். எங்களுக்கு வலித்ததோ அந்தத் தாழ்ந்த சுருதிதான். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் படுக்கையறைக்குள் தொடர்ச்சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லி, தாழ்ந்த சுருதி அதிகமென்றால் அதற்கும் கீழே இருக்க வேண்டும் என்கிறது. டெசிபலில் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 10 டெசிபல் கூடினால் நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றும். ‘அஞ்சு பத்துதானே கூட’ என்பது பெரிய வித்தியாசம்.

எண்ணை விட்டுவிட்டு, காதால் கேட்டுப் பார்க்கலாம் என்று அந்த அம்மா சொன்னார். எல்லாம் திரும்பியது அதில்தான். மாடி வீட்டு அண்ணன் கீழே இறங்கி வந்து அப்பாவின் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருடைய மகன் மேலே வழக்கம்போல் பெட்டியைப் போட்டான். பாட்டின் சொற்கள் ஒன்றுமே கேட்கவில்லை. கட்டில் சட்டத்தில் கைவைத்தால் தாளம் கைக்குத் தெரிந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “மேல எங்களுக்குப் பாட்டுதான் பெரிசாக் கேக்குது, இங்க பாட்டே இல்லியே” என்றார். அப்பா, “பாட்டு கேட்டா நானும் சேர்ந்து கேட்டிருப்பேனே” என்றார்.

பெட்டி நேராகத் தரையில் இருந்ததுதான் காரணம். அவர்கள் தரைதான் எங்கள் கூரை. பெட்டியின் அதிர்வு காற்றில் வருவதற்கு முன்பே கான்கிரீட் வழியாக இறங்கிவிடும். காற்றுவழிச் சத்தம் கதவைச் சாத்தினால் ஓரளவு குறையும், இது குறையாது. பெட்டியை ஒரு மேசைமேல் தூக்கி, அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டு, தாழ்ந்த சுருதித் திருகைக் குறைத்து, மறுபடியும் சோதித்தோம். பாதிக்கு மேல் போய்விட்டது. கருவியைச் சமையலறைப் பக்கச் சுவரோரம் நகர்த்தியதும் மிச்சத்திலும் பெரும்பகுதி போனது.

பிறகு எழுதிய உடன்பாடு ஒரே பக்கம்தான். ஒலிபெருக்கி இரவு எட்டரையோடு நிற்கும், அதற்கு மேல் குரலில் மட்டும் பாடலாம். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி, அல்லது தரையில் பாய். படிக்கட்டு வாசலில் எந்த வண்டியும் நிற்காது, அதை அவர்கள் பக்கத்தில் ஒருவர் கவனிப்பார். திருநாட்கள் எவையென்று ஆண்டுத் தொடக்கத்தில் பட்டியல் தருவார்கள், அந்த நாட்களில் நேரம் நீளலாம். அப்பாவுக்கு உடம்பு மோசமானால் நாங்கள் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவோம், அன்று கருவி இருக்காது. எங்கள் பக்கத்துக்கும் கடமை எழுதினோம்: சங்கத்துக்கோ காவல்துறைக்கோ போவதற்கு முன் அவர்களுக்கு நேரடியாகச் சொல்ல வேண்டும், கூட்டத்துக்கு வருபவர்களைப் படியில் நிறுத்திக் கேள்வி கேட்கக் கூடாது. இந்தக் கடைசி வரியை அக்கா கேட்டு எழுதச் சொன்னார். எங்கள் கட்டடத்தில் யாரோ சிலர் அப்படிச் செய்துகொண்டிருந்தார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

உடன்பாடு மீறப்பட்டதும் உண்டு. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பெட்டியை மீண்டும் தரையில் வைத்துவிட்டார். குறுஞ்செய்தி அனுப்பினேன், பாட்டு முடிவதற்குள் சரியானது. சங்கத்தில் அந்த மனுவைத் தயாரித்தவர்களுக்கு இன்னும் என்மேல் வருத்தம். கூட்டத்தையே நிறுத்தியிருக்கலாம், நீங்கள்தான் கெடுத்துவிட்டீர்கள் என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவருக்கு நான் சொன்ன பதில்தான் இன்றும் என் பதில்: எனக்குச் சத்தம் நிற்க வேண்டும், அது நின்றுவிட்டது.

சமரசம் பலிக்காமல் போயிருந்தால் அடுத்து என்ன செய்வது என்பதையும் யோசித்து வைத்திருந்தோம். நோட்டு, கடிதத்தின் நகல், மருத்துவர் சான்று மூன்றையும் வைத்து, சத்தக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான அலுவலகத்தில் முறையாக அளக்கச் சொல்லிக் கேட்டிருப்போம். அதற்காக நாங்கள் எழுதும் மனுவிலும் மதம் என்ற சொல் இருந்திருக்காது. நீங்கள் எழுதும்போதும் ஒருமுறை படித்துப் பாருங்கள்: மேல்வீட்டில் நடப்பது பிரார்த்தனை என்பதற்குப் பதிலாக நடன வகுப்பு என்று மாற்றினாலும் உங்கள் புகார் அப்படியே நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிட்டு அனுப்புங்கள்.